கன்னியம்மாவின் மூக்கு

அந்தத் துண்டு வெள்ளையாக, பெருவிரல் நகத்தின் அளவில் இருந்தது. இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். நீலமாகப் பற்றி, நுனியில் மஞ்சள் கட்டி, சொட்டத் தொடங்கியதும் ஊதி அணைத்தேன். புகை நூல் மாதிரி எழுந்தது. அதைக் கன்னியம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இது எதுன்னு சொல்லு."

முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்தாள். பூக்காரியிடம் சரத்தை வாங்கி முகர்ந்து பார்ப்பவளைப் போல அவ்வளவு நிதானம்.

"மெழுகுவத்தி வாசனை. பாலிப்ரொபிலீன் மேடம்."

தீ அலையக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தேன். அறை முழுக்கத் தலைமுடி கருகிய நாற்றம் நின்றது. அது நைலான். ரோட்டில் போகிற யாரையாவது கூப்பிட்டு அந்தப் புகையைக் காட்டியிருந்தாலும், "என்னங்க இது, முடி பொசுங்குது" என்று முகத்தைச் சுளித்திருப்பார்கள். கன்னியம்மாவோ பத்து வருடங்களுக்கும் மேலாக எங்கள் கம்பெனியில் பிளாஸ்டிக்கை முகர்ந்தே இனம் பிரித்தவள்.

"இன்னொரு தடவ பாரு."

மறுபடியும் இழுத்தாள். இந்த முறை கண்ணைத் திறந்து, விடை என் முகத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். எழுதித்தான் இருந்திருக்கும். ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப மேடம் கண்டுபுட்ச்ச?" என்றாள்.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியதும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பிளாஸ்டிக் கம்பெனியில் அப்படி என்ன இருக்கிறது எழுத?" நியாயமான கேள்வி. என் கணவரும் இதையேதான் கேட்டார். ஆவடியில் இரும்பு வேலை பார்க்கும் அவருக்கு இரும்பைத் தவிர வேறெதுவும் பொருளாகத் தோன்றாது.

காலையில் எழுந்ததும் கையில் எடுக்கும் பல்துலக்கியின் முடி நைலான். குளியலறை வாளி பாலிஎத்திலீன். ஷாம்பு பாட்டிலின் மூடி, ஒரு மெல்லிய மடிப்பில் பல்லாயிரம் முறை திறந்து மூடியும் ஒடியாமல் இருக்கிறதே, அது பாலிப்ரொபிலீன். குழாய் பி.வி.சி. சுவிட்சு உடையாமல் இருப்பதும், மிக்சிக்குள் பல்சக்கரம் தேயாமல் இருப்பதும், கல் பட்டாலும் ஹெல்மெட் கண்ணாடி நொறுங்காமல் இருப்பதும் வேறு வேறு பொருட்களின் குணங்கள். நாம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். அவற்றுக்குள் சில ஒன்றையொன்று தாங்காது. இந்தக் கதை அதில்தான் இருக்கிறது.

நாற்றத்தின் அகராதி

எங்கள் கம்பெனி வண்டிகளுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் சிறிய பாகங்கள் வார்த்துக் கொடுக்கும் இடம். ஒன்பது மிஷின். லேப் என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்வீர்கள். பத்துக்குப் பத்து அறை, ஒரு தராசு, ஒரு மின் அடுப்பு, ஒரு மேசை, நான். டிப்ளமாவில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்துவிட்டுக் கரூர்ப் பக்கமிருந்து வந்தவள். முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீடு. தினமும் பஸ்ஸில் எஸ்டேட்டுக்கு வருவேன். ரப்பர் வாசனை வந்தால் என் ஸ்டாப்புக்கு முந்தைய ஸ்டாப், பெயிண்ட் தின்னர் வாசனை வந்தால் இறங்கவேண்டிய இடம்.

நான் சேர்ந்தபோது கன்னியம்மா கிரைண்டரில் இருந்தாள். வார்ப்பில் மிஞ்சும் கழிவுத் துண்டுகளைக் கொட்டி அரைத்து மறுபடி மணியாக்கும் மிஷின் அது. காது கிழியும். அவள் பிறந்தது வளர்ந்தது திருவேற்காடு. அவள் அப்பா அம்மா நாற்று நட்ட வயல்களில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. என்னைவிட ஒரு வயது மூத்தவள். மேடம் என்பாள், அடுத்த சொல்லிலேயே நீ என்பாள். முதல் நாள் எனக்கு அது உறுத்தியது. ஒரு வாரத்தில் அது இல்லாவிட்டால் உறுத்தும் என்று ஆகிவிட்டது.

அவள் மூக்கை நான் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். பெயர் தெரியாத ஒரு மூட்டையின் துண்டை நான் லேபில் கொளுத்திப் பார்த்துவிட்டு, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டருக்கு எண்ணெய் கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்று, "இன்னா மேடம், உள்ள துலுக்க சாமந்திய கசக்கினியா?" என்றாள்.

புத்தகத்தில் பாலிஸ்டைரீனுக்கு நேரே அந்தப் பூவின் பெயர்தான் போட்டிருந்தது. அதுவரை எனக்கு அந்த வரி புரிந்ததே இல்லை. பாலிஸ்டைரீன் எரிந்தால் கரித்தூள் பறக்கும், மூச்சு முட்டும் என்பதுதான் நான் அறிந்தது. அவளுக்கு அந்தக் கரிக்கு நடுவே பூ கிடைத்தது.

அதன்பின் நாங்கள் இருவரும் ஓர் அகராதி போட்டோம். பாலிஎத்திலீனும் பாலிப்ரொபிலீனும், மாதா கோயிலில் அணைந்த மெழுகுவத்தி. நைலான், கருகிய முடி. அக்ரிலிக், பழுத்துக் கனிந்த அன்னாசி. பேக்கலைட், ஆஸ்பத்திரி வராண்டா. பி.வி.சி., பாத்ரூம் கழுவும் ஆசிட். பல்சக்கரம் செய்கிற அசிட்டால், "பொணத்த வச்சிக்கிற ரூம்பு மேடம், கண்ணெல்லாம் எரியுது." பிணம் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலின் வாசனை அது. அவள் சொன்னது அத்தனை சரி.

இதைப் படிக்கும் யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அந்தப் புகை எதுவும் உடம்புக்கு நல்லதில்லை. அன்று எங்களுக்கு வேறு கருவி இல்லை, அறிவும் கொஞ்சம் குறைவு.

வெளியிலிருந்து வரும் கழிவு மூட்டைகளைச் சரிபார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது கன்னியம்மாவின் பெயரை நான்தான் சொன்னேன். கிரைண்டரின் இரைச்சலிலிருந்து அவள் ஒரு மேசைக்கு வந்தாள். மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள் முதல் நாள் முழுக்க. அவள் பார்த்து எழுதுவாள், நான் கீழே கையெழுத்துப் போடுவேன். ஆரம்பத்தில் நானும் ஒரு துண்டை எரித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். போகப் போகப் பார்க்காமலே போட்டேன். அவள் ஒரு தடவை கூடத் தவறியதில்லை.

அன்று காலை

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து கம்பெனி திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எல்லோரும் முகக்கவசத்துக்குள் இருந்தோம். கன்னியம்மாவும் பத்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், கொஞ்சம் அமைதியாகியிருந்தாள். யார்தான் ஆகவில்லை அந்த வருடம்.

நான்காம் மிஷினில் டில்லி இருந்தார். காதோரம் நரைத்த, மிஷினோடு பேசிக்கொண்டே வேலை செய்கிற மனிதர். அன்று அவர் அசிட்டாலில் பல்சக்கரம் ஓட்டிக்கொண்டிருந்தார். புதிய மணிகளோடு, அரைத்த பழைய மணிகளையும் கொஞ்சம் கலந்து ஊற்றியிருந்தார். அந்தப் பழைய மணி, கன்னியம்மா 'அசிட்டால்' என்று எழுதி, நான் கையெழுத்துப் போட்ட மூட்டையிலிருந்து வந்தது.

பத்து மணி டீ முடிந்திருந்தது. நான் லேபிலிருந்து வெளியே வந்தபோதே கண் கரித்தது. டில்லி மிஷினின் முன்னால் குனிந்து நின்றார்.

"அம்மா, இது சீறுதும்மா. காலையிலிருந்து நல்லாத்தான இருந்த, இன்னா ஆச்சு உனுக்கு?" முதல் வாக்கியம் எனக்கு, இரண்டாவது மிஷினுக்கு.

பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் குழாயின் மூக்கு முனையில் வெள்ளைக் கூழ் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. பட் பட்டென்று உள்ளே வெடிக்கும் சத்தம். டிப்ளமா வகுப்பில் ஒரே ஒரு நாள் சொல்லிக்கொடுத்து, பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிய விஷயம் அது. அசிட்டாலும் பி.வி.சி.யும் ஒரே குழாய்க்குள் சூடாகக் கூடாது. பி.வி.சி. சூட்டில் ஆசிட்டை விடும். அந்த ஆசிட் பட்டால் அசிட்டால் குலைந்து வாயுவாகிப் போகும். மூடிய குழாய்க்குள் வாயு எத்தனை நேரம் சும்மா இருக்கும்?

"டில்லி, ஹீட்டரை அணைங்க! குழாயைப் பின்னால இழுங்க! நேரே நிக்காதீங்க, பக்கவாட்டுல வாங்க!"

அவர் பொத்தானை அழுத்திவிட்டு ஓரடி நகர்ந்தார். அந்த நொடி குழாயின் மூக்கு துப்பியது. துப்பாக்கிச் சத்தம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சத்தமே நினைவில் இல்லை. சுண்டுவிரல் கனத்தில் உருகிய கட்டி ஒன்று பாய்ந்து முன்புறக் கதவுக் கண்ணாடியில் அறைந்ததுதான் நினைவிருக்கிறது. கண்ணாடி என்று வாய்தவறிச் சொல்கிறோம், அது பாலிகார்பனேட் தகடு. உள்வாங்கி, அதிர்ந்து, நின்றது. அந்தத் தகட்டுக்கு இந்தப் பக்கம் டில்லியின் முகம் ஒரு முழ தூரத்தில் இருந்தது.

எல்லோரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பினோம். அரை மணி நேரம் கழித்து, கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, நானும் டில்லியும் ஈரத்துணி கட்டிக்கொண்டு போய், சூடு இறங்கிய குழாயில் பாலிஎத்திலீனைப் போட்டுத் தள்ளிச் சுத்தம் செய்தோம். டில்லி குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மா" என்று என்னிடம் சொன்னாரா மிஷினிடம் சொன்னாரா தெரியவில்லை.

மிச்சமிருந்த மூட்டையை எடுத்துப் பார்த்தேன். வெள்ளை மணிகள். பாதி அசிட்டால். பாதி, யாரோ ஜன்னல் சட்டம் செய்கிறவர்கள் போட்ட பி.வி.சி. கழிவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தண்ணீரில் போட்டாலும் இரண்டும் மூழ்கும். ஆனால் எரித்தால் ஒன்று பிண அறை, ஒன்று பாத்ரூம் ஆசிட். கன்னியம்மாவுக்கா அது தெரியாமல் போகும்?

மத்தியானம் அவளை லேபுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நைலான் துண்டை எடுத்தேன்.

"எப்ப மேடம் கண்டுபுட்ச்ச?" என்று அவள் கேட்டது அப்போதுதான்.

"இப்பத்தான் கண்டுபிடிச்சேன்," என்றேன். "உனக்கு எத்தனை நாளா?"

"காய்ச்ச வந்த மூணா நாளே போச்சு மேடம். ஒண்ணியும் தெர்ல. ரசம் கொதிக்குது, வெந்நி கொதிக்கிற மாரி கீது. டாக்டரு தானா வரும்னாரு. வரும் வரும்னு பாத்துகினே கீறேன்."

"ஏன் சொல்லலை?"

"இன்னான்னு சொல்றது? மூக்குக்காகத் தான மேசை குட்த்தீங்க?"

இரண்டு மாதம் அவள் வாசனையே இல்லாமல் வேலை பார்த்திருக்கிறாள். தீயின் நிறத்தைப் பார்த்து, சொட்டு விழுகிற விதத்தைப் பார்த்து, கரி பறக்கிறதா என்று பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து. கண் எரிந்தால் அசிட்டால் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். பி.வி.சி.யும் கண்ணை எரிக்கும். அந்த மூட்டையைப் பார்த்த நாளில் ஜன்னலோர மேசையில் நல்ல வெயில். பி.வி.சி. தீயின் ஓரத்துப் பச்சை நிறம் அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

"டில்லி அண்ணாத்தைக்கு எதுனா ஆயிருந்தா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றேன். தோளில் கைவைக்கலாமா என்று தெரியவில்லை. அந்த வருடம் யாரையும் தொடாமல் பழகியிருந்தோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தொட்டேன்.

எனக்கும் அழுகை வந்தது, வேறு காரணத்துக்காக. அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து. நாலு துண்டை, நாலே நாலு துண்டை நான் எரித்துப் பார்த்திருந்தால் போதும்.

"முதலாளிகிட்ட நான் போய், பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு சொல்லப்போறேன்," என்றேன். "உன் மூக்கைப் பத்தி நான் சொல்லமாட்டேன். ஆனா நீ சொல்லாம இந்த மேசையில உக்காரக் கூடாது, கன்னிம்மா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒண்ணாவே போலாம் வா," என்றாள்.

முதலாளி அறையில்

எங்கள் முதலாளி அதிகம் பேசாதவர். ஓடாத மிஷினைப் பார்த்தால் சட்டையைக் கழற்றிவிட்டு அவரே கீழே படுத்து நட்டைத் திருகுவார். அன்று நாற்காலியில் உட்காராமல் ஜன்னலருகே நின்றிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா சொல்லிவிட்டாள். "சார், எனுக்கு மூக்கு போச்சு சார். ரெண்டு மாசமாச்சு. சொல்லாம இருந்துகினேன். தப்பு எம்மேல தான்."

"கையெழுத்து மேடத்தோடது இருக்கே?"

"பாக்காமலே போட்டேன் சார்," என்றேன். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம்.

"ஒரு மூக்கை நம்பியா நாம இத்தனை நாள் மிஷின் ஓட்டினோம்?" என்றார். தன்னைத்தானே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு, "திங்கட்கிழமைக்குள்ள மூக்கு வேண்டாத வழி ஒண்ணு காட்டுங்க. அதுவரைக்கும் வெளி மூட்டை எதுவும் உள்ள வரக்கூடாது. கன்னியம்மா கிரைண்டருக்குப் போகட்டும்" என்றார்.

அவள் வெளியே வந்தாள். நேரே போய், மூலையில் தொங்கிய பழைய காதடைப்பை எடுத்துத் தூசியைத் தட்டி மாட்டிக்கொண்டாள்.

உப்புத் தண்ணீர்

அந்த வாரம் சாப்பாட்டு வேளைகளில் லேபின் கதவு மூடியே இருந்தது. டிபன் பாக்ஸை ஒரு பக்கம் திறந்து வைத்துவிட்டு, நானும் அவளும் வாளிகளோடு உட்கார்ந்தோம்.

முதல் வாளியில் வெறும் தண்ணீர். பாலிஎத்திலீனும் பாலிப்ரொபிலீனும் மிதக்கும், மற்றவை மூழ்கும். மூழ்கியதை எடுத்து இரண்டாம் வாளியில் போட்டோம். அதில் இனிமேல் கரையாது என்கிற வரை கல்லுப்புப் போட்ட தண்ணீர். நைலானும் பாலிஸ்டைரீனும் அதில் மேலே வரும். அசிட்டாலும் பி.வி.சி.யும் அங்கேயும் அடியில்தான் கிடக்கும். அந்த இரண்டையும் பிரிக்கச் செப்புக்கம்பி. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, துண்டில் ஒற்றி, மறுபடி தீயில் காட்டினால் பி.வி.சி.யாக இருந்தால் தீ பச்சையாக எரியும். அசிட்டால் என்றால் பச்சை வராது.

புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான். இரண்டாம் நாளே அது தடுமாறியது. மூழ்கவேண்டிய நைலான் மணிகள் சில வெறும் தண்ணீரிலேயே மிதந்தன. நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். கன்னியம்மா வாளிக்குள் கண்ணை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது பொய்யா மெதக்குது மேடம். தோ பாரு, ஒவ்வொண்ணு முதுவுலயும் சின்னதா காத்து முட்டை ஒட்டிகினு கீது. பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணி ஒரு சொட்டு ஊத்து."

ஊற்றினேன். மிதந்தவை ஒவ்வொன்றாகச் சரிந்து அடிக்குப் போயின.

பச்சைத் தீ பகல் வெளிச்சத்தில் ஏமாற்றும் என்பதை எங்களைவிட யாருக்குத் தெரியும்? அதற்கும் அவள்தான் வழி செய்தாள். அட்டைப்பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்து, விளக்கை அதற்குள் வைத்தாள். அந்த இருட்டில் பச்சை கிளி மாதிரி தெரிந்தது.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். எங்கள் துண்டுகளை நம்பாமல், சட்டைப்பையிலிருந்து தன் பேனா மூடியை எடுத்து வாளியில் போட்டார். மிதந்தது. "பாலிப்ரொபிலீன் இல்லாட்டி பாலிஎத்திலீன் சார். நகம் சுலுவா எறங்கல, அப்ப பாலிப்ரொபிலீன்," என்றாள் கன்னியம்மா. அடுத்து அவருடைய சீப்பு. தண்ணீரில் மூழ்கியது, உப்பில் எழுந்தது.

"சார், இத்த ஒரு பல்லு ஒடிச்சிக்கிட்டுமா?"

தலையசைத்தார். பட்டென்று ஒடிந்தது. "நைலானா இருந்தா வளையும். இது பாலிஸ்டைரீன் சார்." பல் போன சீப்பை மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். போகும்போது, "அந்தக் காதடைப்பைக் கழட்டிடுங்க," என்றார்.

அன்று முதல் மூட்டைகளை அவள் பார்ப்பாள், நான் தனியாக ஒருமுறை பார்ப்பேன். இரண்டு தாள், இரண்டு கையெழுத்து. டில்லி மட்டும் மூன்றாவதாகத் தானே ஒருமுறை செப்புக்கம்பியைக் காய்ச்சிப் பார்ப்பார். நாங்கள் தடுத்ததில்லை.

வாசனை அவளுக்குத் திரும்பியதா என்று கேட்பீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வந்தபோதும் கோணலாக வந்தது. முதலில் காபி, பேக்கலைட் கருகுவது போல இருக்கிறது என்று கொட்டினாள். பிறகொரு நாள் காலை லேபுக்குள் ஓடிவந்து, "மேடம், பூண்டு நாறுது! சொம்மா கும்முனு நாறுது!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். இன்றும் பாதிதான் வந்திருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. சீப்பு ஒடித்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையை.

திருவேற்காட்டில் ஒரு ஞாயிறு

"வேலைக்குப் பயந்துதான் அழுதேன்னு நெனச்சிகினியா?" என்று சனிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் திடீரென்று கேட்டாள். "நாளைக்கு ஊட்டுக்கு வா மேடம். ஒரு வேல கீது."

முகப்பேரிலிருந்து பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. கோயில் கூட்டத்தைத் தாண்டி, புதுக் கட்டடங்களுக்கு நடுவே இடுக்கில் இரண்டு அறை வீடு. கன்னியம்மாவின் மகள் சுகன்யா பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இருபது நாள். பெண் குழந்தை. சுகன்யா குளிக்கப் போயிருந்தாள். புடவைத் தூளியில் குழந்தை தூங்கியது.

கன்னியம்மா அதை எடுத்து என் மடியில் வைத்தாள். எனக்கும் என் கணவருக்கும் குழந்தை இல்லை. இவ்வளவு சின்ன உயிரை நான் அதற்குமுன் மடியில் வாங்கியதில்லை. எந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விறைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் என் முழங்கையை மடக்கி, தலைக்குக் கீழே சரிசெய்தாள்.

"மோந்து பாரு," என்றாள்.

"என்ன?"

"உச்சந்தலைய மோந்து பாத்து எனுக்குச் சொல்லு. பொறந்த அன்னிக்கு நர்சம்மா எங்கைல குட்த்தாங்க. மொத வேலையா மோந்தேன். ஒண்ணியும் இல்ல மேடம். பொம்மைய மோந்த மாரி இருந்துச்சி. இருவது நாளா தெனிக்கும் மோந்துகினு கீறேன். எம் பொண்ணுகிட்ட சொன்னா அழுவா. உங்கிட்ட தான் கேக்க முடியும். நீ சரியாச் சொல்லுவ."

குனிந்து முகர்ந்தேன். லேப் பழக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "தேங்காயெண்ணெய். சாம்பிராணி. கையில வசம்பு. கொஞ்சம் புளிச்ச பால்."

"அதெல்லாம் நான் தடவுனது, நான் போட்டது. எனுக்கே தெரியும்," என்று பொறுமையிழந்தாள். "அதுக்கு அடியில இன்னா கீது? அத்தச் சொல்லு."

மறுபடி குனிந்தேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டேன். எண்ணெயும் புகையும் கழிந்து அடியில் ஒன்று இருக்கத்தான் இருந்தது. மென்மையாக, சூடாக. என் அகராதியில் அதற்குப் பெயர் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இருக்காது. தேடித் தேடிப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இட்லி வேகுறப்போ மூடியைத் திறப்போம்ல," என்று மெதுவாகச் சொன்னேன். "மொத ஆவி போனப்புறம், வெந்துடுச்சான்னு குனிஞ்சு பார்க்குறப்ப ஒரு வாசனை வருமே. மாவு வாசனையும் இல்லாம, இட்லி வாசனையும் இல்லாம, நடுவுல. அதுல கொஞ்சம் இனிப்பு."

அவள் தரையில் கையூன்றி நிமிர்ந்தாள்.

"அய்யோ, அதான்," என்றாள். "அதான் மேடம். சுகன்யா பொறந்தப்ப அதே தான். மறந்தே போய்ட்டேன் பாரு நானு."

முழங்காலால் நகர்ந்து என் அருகே வந்து, என் மடியிலிருந்த குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். அவள் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவசரமே இல்லாமல், திரும்பத் திரும்ப. சுகன்யா ஈரத்தலையோடு வந்து வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்து, "இன்னாம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள்.

"வாசன பாக்குறோம்," என்றாள் கன்னியம்மா, தலையைத் தூக்காமல்.